உயிரோடு இருக்கிறார்

எல்கடுவப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த அந்த மொட்டைப் பெட்டிசத்தை நான் முதலில் மற்றக் கடிதங்களுக்கு அடியில்தான் செருகி வைத்தேன். அப்படியான பெட்டிசங்கள் எங்கள் கந்தோருக்கு வந்துகொண்டே இருக்கும். பெயர் இருக்காது, கையெழுத்து இருக்காது, பொறாமை மட்டும் இருக்கும். அரசாங்க உதவிப்பணத்தைப் பொய் சொல்லி எடுப்பவர்களைக் கண்டுபிடிப்பது என் வேலை. செத்துப்போன தகப்பனின் பெயரில் மாதாமாதம் கையெழுத்துப் போட்ட மகன், இரண்டு கிராமத்தில் இரண்டு பெயரில் பதிந்திருந்த மனுசி, இப்படிப் பலரைப் பிடித்திருக்கிறேன். மாத்தளை மாவட்டத்தில் நான் பஸ்ஸிலோ நடந்தோ போகாத மூலை குறைவு. என்னைக் கண்டால் "வெட்டுற ஐயா வாறார்" என்று சொல்லிக்கொள்வார்கள். உதவியை வெட்டுகிறவர் என்று பொருள்.

அந்தப் பெட்டிசம் கொப்பிக் கடதாசியில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. மேட்டு லயத்து வரிசை வீடு ஒன்றில் ஒருத்தி, புருஷன் கலவரத்தில் செத்துப்போனான் என்று சொல்லி அரசாங்கப் பணம் எடுக்கிறாள். புருஷன் காம்பராவுக்குள்தான் இருக்கிறான். பகல் முழுக்க வெளியில் பூட்டுப் போட்டிருக்கிறாள். அவ்வளவுதான்.

இரண்டு கிழமை போனபின் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். சிங்களவர். எண்பத்து மூன்றில் தமிழருக்கு எதிராக நடந்த ஆடிக் கலவரத்தின்போது என் குடும்பத்தை ஒரு வாரம் தன் வீட்டில் வைத்திருந்தவர். அவருடைய மேசையில் அதே பெட்டிசத்தின் இன்னொரு பிரதி இருந்தது. எழுதியவர் அவருக்கும் அனுப்பியிருந்தார்.

"லக்கலை விசாரணையை மூன்றே நாளில் முடித்தீர்கள். இதற்கு ஏன் இவ்வளவு நாள்?" என்று சிங்களத்தில் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

லக்கலையில் யானை அழித்த ஒரே சேனைப் பயிருக்கு ஒரு சிங்களக் கமக்காரர் தன் பெயரிலும் மச்சான் பெயரிலும் நிவாரணம் எடுத்திருந்தார். நான் நிலத்தை அளந்து பார்த்து இரண்டையும் நிறுத்தினேன். அவருடைய மனைவி பஸ் நிற்கும் இடம்வரை என் பின்னால் வந்து கெஞ்சினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது, தமிழருடைய வழக்கை மட்டும் இழுத்தடிக்கிறானோ என்று யாராவது நினைத்துவிடுவார்கள் என்ற பயம் எனக்குள் ஏறிக்கொண்டது. அந்தப் பகுதியில் இருந்த உத்தியோகத்தர்களில் நான் ஒருவன்தான் தமிழன். மற்றத் தமிழர்கள் கலவரத்துக்குப் பிறகு இடமாற்றம் வாங்கிக்கொண்டு வடக்கே போய்விட்டார்கள். என் மனைவி மாத்தளையில் படிப்பித்ததால் நாங்கள் நின்றுவிட்டோம்.

மறுநாளே எல்கடுவ பஸ் ஏறினேன்.

மேட்டு லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். எல்லாரும் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, மனிதச் சத்தமே இல்லை. பெட்டிசத்தில் சொன்ன காம்பரா, ஒற்றை அறை வீடு, வரிசையின் கடைசியில் இருந்தது. கதவில் பூட்டு. நான் அதன் முன்னால் இருந்த இஸ்தோப்புத் திண்ணையில் போய்க் குந்தினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒருவர் இருமினார். பிறகு அந்த இருமலை வாய்க்குள்ளேயே அடக்குகிற சத்தம் கேட்டது.

நான் அப்போதே எழுந்து போயிருக்கலாம். வீடு பூட்டியிருந்தது, யாரையும் காணவில்லை என்று எழுதியிருக்கலாம். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மத்தியானம் அந்தப் பெண் வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இராது. முதுகில் கூடை, இடுப்பில் சாக்கு. விசாரணைக் கோவையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள். நான் யார் என்று சொன்னேன்.

"உள்ளே யார்?" என்றேன்.

அவள் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். கூடையை இறக்கி வைத்தாள். "வீட்டுக்காரரு தாங்க," என்றாள்.

"கதவைத் திற."

அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற உத்தியோகத்தர்கள் தோட்டத்து மக்களை நீ என்றுதான் பேசுவோம். நானும் அப்படித்தான் பேசினேன்.

கதவு திறந்தது. விறகு அடுக்குக்கும் சுவருக்கும் இடையில் ஒரு மனிதன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் பட்டதும் எழுந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினான். ஒரு காது இல்லை. அந்தப் பக்கத்துக் கழுத்து முழுவதும் வெந்த தோல் சுருங்கி ஒட்டியிருந்தது. என் கையிலிருந்த கோவையைப் பார்த்துக்கொண்டே "மாத்தயா, மம நெமெய்" என்றான். ஐயா, அது நான் இல்லை என்று சிங்களத்தில் சொன்னான்.

"பயப்படாதேங்கோ, நான் தமிழன்," என்றேன். என்னை அறியாமல் மரியாதையாக வந்துவிட்டது.

அவன் கையை இறக்கவில்லை. "மம நெமெய்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னான். அவள்தான் போய் அவன் கைகளைப் பிடித்து, ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிவிட்டாள்.

பிறகு இஸ்தோப்பில் நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். அவன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவன். கலவரத்தில் கடையை எரித்தார்கள். அவனைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை. அந்தக் கடையில் இருந்த யாரும் மிஞ்சவில்லை என்று ஆட்கள் சொன்னார்கள். தோட்டத்து மக்கள் காரியம் செய்து முடித்தார்கள். அதன் பிறகுதான் கணவனை இழந்தவள் என்று அவளுக்கு உதவிப்பணம் கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து மாத்தளைக்குத் தேர் பார்க்கப் போயிருக்கிறாள்.

"கோயில்ல சோறு குடுக்குற வரிசையில நின்னுக்கிட்டு இருந்தாருங்க. என்னையத் தெரியல அவருக்கு. நாந்தான் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன்."

"வந்ததும் ஏன் அறிவிக்கவில்லை?"

"கிராம சேவகர் ஐயாக்கிட்ட போனேங்க. ஐடென்டி கார்ட் இருக்கான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். அப்ப பொலிசுலதான் மொத காட்டணும்னாங்க. பொலிசுன்னா இவரு எப்பிடிங்க வருவாரு? வெளிய ஒரு லொறிச் சத்தம் கேட்டாலே ஒண்ணுக்குப் போயிடுறாரு. அதான் பூட்டி வச்சிட்டுப் போறேன். பூட்டு கெடந்தாத்தான் அவருக்கும் தூக்கம் வருது."

நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். அவள் தேத்தண்ணி கொடுத்தாள். குடித்தேன். கிளம்பும்போது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "சல்லிய நிப்பாட்டிருங்க ஐயா, பரவால்ல. அவரு இங்க இருக்காருன்னு மட்டும் எழுதிப்புடாதீங்க."

பார்க்கலாம் என்றேன்.

அன்று மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வரும்போது நினைத்ததை இங்கே எழுதத்தான் வேண்டும். கலவரத்தில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையும் எரிந்தது. நட்டஈட்டுப் படிவத்தில், இழந்த பொருட்களின் வரிசையில் நான் ஒரு தையல் மெசினும் எழுதினேன். எங்களிடம் தையல் மெசின் இருந்ததில்லை. மனைவிக்கு நெடுநாளாக ஆசை. படிவத்தைச் சரிபார்த்தவர் என்னோடு வேலை செய்கிறவர், ஒன்றும் கேட்கவில்லை. பொய் எழுதிப் பணம் எடுப்பவர்களைப் பிடிக்கிற உத்தியோகத்தனை விசாரிக்க யார் வருவார்கள்?

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் அறிக்கையை எழுதினேன். பணத்தை நிறுத்த வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். காரணம் ஒன்றுதான். "மேற்படி பெண்ணின் கணவர் உயிரோடு இருக்கிறார். நேரில் கண்டேன்." அவள் கேட்டது நினைவில் இல்லாமல் இல்லை. லக்கலையும் மேலதிகாரியின் சிரிப்பும் அதைவிடப் பெரிதாகத் தெரிந்தன. வழக்குப் போட வேண்டாம், மனநிலை சரியில்லாதவர், வறிய குடும்பம் என்றும் கீழே சிபாரிசு எழுதினேன். அந்த வரிகள் என் மனச்சாட்சிக்குப் போதும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பொய்த் தகவல் கொடுத்துப் பணம் எடுத்தவர்களைப் பற்றிய அறிக்கையின் பிரதி ஒன்று பொலிசுக்குப் போக வேண்டும் என்பது விதி. அந்த விதி எனக்குத் தெரியும். அது வழக்கமாக நடக்கிற காரியம், அவர்களும் வழக்கமாகக் கிடப்பில் போடுவார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பொலிஸ் வந்தது பணத்துக்காக அல்ல. அடையாள அட்டை இல்லாத, உடம்பில் எரிகாயம் உள்ள, பகலில் பூட்டிய அறைக்குள் ஒளிந்திருக்கிற ஒரு தமிழ் ஆண். அவர்களுக்கு அது வேறு கதையாகப் பட்டது. குண்டு செய்து காயப்பட்டவன் என்றார்களாம்.

அவனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்பது அவள் கந்தோருக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது. வேலைச் சீலையோடு, வெறுங்காலோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"ஐயா, நீங்கதான பாத்தீங்க அவர. உசுரோட இருக்காருன்னு எழுதுனீங்க. இப்ப எங்க இருக்காருன்னு எழுதித் தாங்க."

சுற்றியிருந்த மேசைகளில் எல்லாரும் வேலையை நிறுத்தினார்கள். நான் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து பொலிசுக்கும் போனேன். என் வாழ்க்கையில் துணிந்து செய்த ஒரே காரியம் அது. அதுவும் அரை நாள்தான் நீடித்தது. அங்கிருந்த அதிகாரி என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"பிறந்த இடம் யாழ்ப்பாணமா?"

"ஓம், சேர். இருபது வருஷமாக இங்கேதான் வேலை."

"இந்த ஆள் உங்களுக்கு என்ன உறவு?"

"உறவு ஒன்றும் இல்லை," என்றேன். அவள் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குச் சிங்களம் விளங்கும்.

என் அட்டையை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு வாங்கில் உட்காரச் சொன்னார். பின்னேரம் நாலு மணிக்கு அட்டையைத் திருப்பித் தந்து, ஆளை மேலிடத்துக்கு அனுப்பியாயிற்று, இனி இங்கே வந்து பிரயோசனமில்லை என்றார். எந்த மேலிடம் என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்து அவளுக்குப் பஸ் காசு கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

நான் மறுபடி அங்கே போகவில்லை. அவள் போனாள் என்று அறிந்தேன். கண்டிக்கும் கொழும்புக்கும் போனாளாம், தெரிந்த இராணுவ முகாம் வாசல்களில் எல்லாம் நின்றாளாம். எந்த இடத்திலும் அப்படி ஒரு ஆள் இல்லை என்றார்கள்.

அன்றைய நாட்களில் நான் சாப்பிடாமல் எழுந்துவிடுவதைப் பார்த்து மனைவி கேட்பாள். "உண்மையைத்தானேயப்பா எழுதினியள். பிறகென்ன யோசனை?" நான் கை கழுவப் போய்விடுவேன்.  பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

மூன்று வருஷம் போயிருக்கும். நாடு இன்னும் மோசமாகியிருந்தது. இப்போது சிங்கள இளைஞர்களும் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். பொலிஸ் வாசலில் சிங்களத் தாய்மாரும் நின்றார்கள். அப்போது அவளுடைய விண்ணப்பம் ஒன்று என் மேசைக்கு வந்தது. கணவனைக் காணவில்லை, உதவிப்பணம் வேண்டும் என்று யாரோ எழுதிக் கொடுத்ததில் அவள் பெருவிரல் அடையாளம் வைத்திருந்தாள். அதோடு பழைய கோவையும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. மேலே ஒரு குறிப்பு: விண்ணப்பகாரர் முன்பு பொய்த் தகவல் அளித்தவர், கணவர் உயிரோடு இருப்பதை எமது உத்தியோகத்தர் நேரில் கண்டு உறுதிப்படுத்தியுள்ளார்.

எனக்குச் செய்யக்கூடியதாக ஒன்று இருந்தது. எனது அறிக்கைக்குப் பிறகு அந்த மனிதரைப் பொலிசார் கொண்டுபோனார்கள், அதன்பின் அவரை யாரும் காணவில்லை என்று ஒரு வசனம். எழுத உட்கார்ந்தேன். அந்த நாட்களில் அப்படி ஒரு வசனத்தைக் கையெழுத்தோடு எழுதிய ஆட்களுக்கு என்ன நடந்தது என்பதும் எனக்குத் தெரியும். "விண்ணப்பகாரர் மிக வறியவர், கருணையோடு கவனிக்கலாம்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். பழைய மேலதிகாரி அப்போது இடமாற்றமாகிப் போயிருந்தார். புதியவர் "ஆதாரம் இல்லை" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்.

அவளை நான் கடைசியாகக் கண்டது பலாபத்வலவில். வேறொரு பெட்டிசத்துக்காகப் போயிருந்தேன். பெருந்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டம். வாசலில் நாலைந்து பெண்கள் சாக்கு விரித்து மிளகு உருவிக்கொண்டிருந்தார்கள். வழி கேட்கக் கிட்டப் போனபோதுதான் அவர்களில் ஒருத்தி அவள் என்று தெரிந்தது. முன்தலை நரைத்திருந்தது. தோட்டத்தை விட்டு எப்போது வந்தாளோ தெரியாது.

அவள் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். கோபம் ஒன்றும் இல்லை. கை வேலையை விடாமலே, "இப்ப யாரப் பத்தி பெட்டிசங்க, ஐயா?" என்றாள்.

நான் தேடி வந்த வீட்டின் அடையாளத்தைச் சொன்னேன்.   அவள் மிளகுக் கறை பிடித்த விரலால் ஆற்றுப் பக்கம் போகிற ஒழுங்கையைக் காட்டினாள். நான் அந்த ஒழுங்கையால் இறங்கிப் போனேன். தட்டிய வீட்டில் ஆள் இருந்தது. அன்றும் விசாரித்து எழுதினேன்.