மூச்சுப் பயிற்சி வகுப்பில் என்னோடு நடந்தவர்

ஆஸ்பத்திரியின் மூச்சுப் பயிற்சி வகுப்பில் எனக்குச் சோடியாக வந்தவர் துறைமுகத்தில் சீமெந்து மூட்டை இறக்கியவர். தூசு அவருடைய நெஞ்சில் இறங்கியிருந்தது. என்னை முட்டு வருத்தம் என்கிற மூச்சிழுப்பு ஆசிரியர் வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தது. கெட்டுப்போன சுவாசப்பை பழையபடி வராது, மிஞ்சியதை வைத்து நடக்கப் பழக வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

பயிற்சி தருகிற மிஸ்ஸிடம் ஒரே சட்டம்தான். "கதைச்சுக்கொண்டு நடவுங்கோ. கதைக்க ஏலாமல் வந்தால் நிண்டு, மூக்கால இழுத்து, வாயைக் குவிச்சு மெதுவா ஊதுங்கோ."

கதைக்கு அவரிடம் பஞ்சமில்லை. நிலாவெளிக் கடற்கரையில் கரைவலை இழுத்த இளவயது, மனைவியோடு போட்ட சண்டைகள், கங்காணியின் சாப்பாட்டுப் பொதியோடு கிரேனில் ஏறிய குரங்கு என்று நடைபாதை முழுக்கச் சொல்லிக்கொண்டு வருவார். சிரித்தால் எனக்கு இருமல் வரும். மிஸ் முறைப்பார்.

மழைக்காலம் தொடங்கியபின் கதைகள் குறுகின. குரங்கு கிரேனில் ஏறுமுன்பே முடிந்துவிடும். விரலில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கும் கருவியை மிஸ் கொண்டுவந்தால், "கை குளிருது, பிறகு பாப்பம்" என்று கையைச் சாரத்துக்குள் சுருட்டிக்கொள்வார். ஒருநாள் அவருடைய நகங்களைப் பார்த்துவிட்டேன். நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம்.

"அண்ணன், மிஸ்ஸிட்டச் சொல்லுங்கோ."

"சொன்னா வாட்டில போட்டிடுவினம், ரீச்சர். போனமுறை பக்கத்துக் கட்டில்காரன் திரும்பி வரேல்ல."

அடுத்த கிழமை நடக்கும்போது என் மகள் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் "ஓம்" என்றார். சற்றுத் தூரம் போய் மறுபடி "ஓம்" என்றார். பிறகு அதுவும் வரவில்லை. திரும்பினேன். சுவரில் தோளைச் சாய்த்து நின்றார். வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்புகள் கயிறாக இழுபட்டன. காற்று போகிற சத்தமே இல்லை. யாரையும் கூப்பிட வேண்டாம் என்று கண்ணால் மறித்தார்.

நான் கூப்பிட்டேன். கத்துவதற்கு என்னிடமும் மூச்சில்லை. பக்கத்தில் கிடந்த கதிரையைத் தள்ளி விழுத்தினேன். அந்தச் சத்தத்துக்குத்தான் ஓடிவந்தார்கள்.

அவர் பிழைத்தார். ஒட்சிசன் இயந்திரத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்புவழிபுரத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மூக்கில் குழாய். அது எட்டுகிற தூரம்தான் இனி அவருடைய நடை. மனைவி தேநீர் தந்தார்.

"கரண்ட் நிண்டால் என்ன செய்யிறதெண்டுதான் பயம்," என்றார் மனைவி.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. மின்விசிறி ஒருமுறை தளர்ந்து, பிறகு சுழன்றது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.