மஞ்சள் விளக்கின் மேல் ஒரு பொட்டு

சாமை அறுப்பு வந்துவிட்டால் மலைமேல் இருக்கும் எங்கள் புதூர்நாட்டில் தார் ரோடுதான் களம். கதிரைப் பரப்பிவிட்டு, போகிற வண்டியெல்லாம் அதன்மேல் ஏறட்டும் என்று காத்திருப்பார்கள். நானோ நல்ல பெயருக்கு அலைகிற ஆள். என் பழைய காரை ஒருமுறை ஏற்றிவிட்டு, பின்னால் எடுத்து இன்னொரு முறையும் ஏற்றுவேன்.

அப்படி ஓர் அறுப்பின்போதுதான் ஸ்டியரிங்குக்குப் பின்னால், எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. விளக்குதான் கண்ணை உறுத்தியது. என் மனைவி தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் ஒட்டிவிட்டு மறந்துபோயிருந்த பெரிய ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டினேன். தொல்லை விட்டது.

அவளுக்கு ஏழாம் மாதம். செக்கப்புக்குத் திருப்பத்தூர் இறங்கும்போது, "இன்னாங்க, கருகுற வாசனை வருது," என்றாள்.

"எவனாச்சும் சருகு கொளுத்தியிருப்பான்," என்று அவள் வாயை அடைத்தேன். அவள் விடவில்லை. மெக்கானிக்கிடம் காட்டாமல் மலை ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

மெக்கானிக் பொட்டைப் பிய்த்தெடுத்துச் சிரித்தார். "பொட்டு வெச்சா கோளாறு போய்டுமாண்ணா?"

ஸ்கேனரைச் சொருகிவிட்டுச் சொன்னார்: "புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டருக்கு முன்னாடி ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னாடி ஒண்ணு. முன்னாடி இருக்கறது ஏறி எறங்கினே இருக்கும். பின்னாடி இருக்கறது நிதானமா இருக்கணும். அதுவும் கூடவே குதிச்சா கன்வெர்ட்டர் போச்சுன்னு அர்த்தம். உங்க வண்டில பின்னாடி இருக்கறது பேசவே இல்லியே."

காரைத் தூக்கிப் பார்த்தார். சாமைத் தாள் கொத்தாகச் சுற்றி, பின் சென்சாரின் ஒயரை அறுத்திருந்தது. கன்வெர்ட்டர்மேல் அப்பியிருந்த தாள் கருகிக் கிடந்தது.

"இது தணலாட்டம் சுடும்ணா. பத்திக்கினு இருந்தா?"

அவர் கண் என் மனைவியின் வயிற்றுக்குப் போய்த் திரும்பியது.

அவள் திட்டவில்லை. பொட்டை வாங்கிப் பார்த்தாள். "என் பொட்ட வெச்சா மறைச்சீங்க?" அவ்வளவுதான் கேட்டாள்.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். ரோட்டில் கதிர் கிடந்தால் இறங்கி ஒதுக்கி, காரைக் கடத்திவிட்டு, திரும்பப் பரப்பிவிட்டு வருகிறேன். "உன் வண்டி இன்னா பட்டுப்பொடவையா?" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அந்தக் காலத்தில் மலை இறங்கும்போது, வியர்வையில் நழுவும் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவாள். கீழே ஊர் வந்ததும் எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வாள். அதைப் பார்ப்பதற்கென்றே கடைசி வளைவில் மெதுவாக ஓட்டியிருக்கிறேன். அதற்கு இன்றும் ஏங்குகிறேன். இப்போதும் பொட்டு நழுவுகிறது. அவள் அதைக் கைப்பையில் இருக்கும் அட்டையில் ஒட்டி, ஜிப்பை மூடிவிடுகிறாள்.