ஐஸ் தண்ணீர் தின்ற கார்

மிதித்தால் கார் இழுக்கவில்லை என்று ஒருவர் வந்து நின்றால் உடனே பிளக்கைக் கழற்றப் போகாதீர்கள். அந்தக் காரில் அவர் என்ன ஏற்றுகிறார் என்று முதலில் கேளுங்கள். இதை எனக்குப் படிப்பித்தது யோகனின் கார். நான் படித்ததால் யோகனுக்கு ஒரு நன்மையும் வரவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் கராஜ் வாழைச்சேனையில். போன சோளகக் காற்றுக் காலத்தில் ஒரு காலை யோகன் காரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். மாங்கேணிக்காரன். விடியவே கரைவலை மீனை வாங்கி, பாசிக்குடா ஹோட்டல்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் தொழில். மனைவி சுமதியும் கூடவே வருவாள், தராசு பிடிப்பது அவள்தான். கார் இருபது வயது தாண்டிய ஜப்பான் வேகன். பின் சீற்றைக் கழற்றிவிட்டு, பலகை அடித்து, அதன்மேல் மீன் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"பாஸ், ஓட்டமாவடிப் பாலத்தில ஏறக்குள்ள திக்குது. மிதிக்க மிதிக்கச் சாகுது. வெறுங்காரா இருந்தா ஓடும். பாரம் ஏத்தினா இழுவை இல்ல" என்றான் யோகன்.

சுமதி பெட்டியைத் திறந்து ஒரு மீனின் வயிற்றை விரலால் அமத்திக் காட்டினாள். குழைந்துவிட்டது.

"ரெண்டு ஹோட்டல்ல மீனத் திருப்பிட்டாங்க பாஸ். இனிப் பிந்தினா வரவே வேணாமாம். இது சரிவராட்டி நான் குவைத்துக்குப் போறதுதான். ஏஜென்ட் பாஸ்போட்டக் கேட்டுட்டே இருக்கான்."

"உங்கட சின்னவள்?" என்று கேட்டேன்.

"அவளுக்கு இன்னும் பால்பல்லே விழல்ல" என்றாள். யோகன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வேறு கராஜ்களில் பிளக், கொயில், பில்டர் எல்லாம் மாற்றிவிட்டார்கள். ஒருவர் புது பியூவல் பம்பே போட்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு சாமானை மாற்றுவதற்கு மெக்கானிக் எதற்கு? எனக்கு அந்த வைத்தியத்தைக் கண்டாலே கோபம் வரும். ஸ்கேனரைப் போட்டேன், பிழை எதுவும் காட்டவில்லை. பெற்றோல் அழுத்தம் பார்க்கிற மீற்றரைப் பொருத்தி, யோகனை ஓட்டச் சொல்லி, நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நிற்கும்போது முள் சரியாக நின்றது. பாலத்தில் ஏறி அவன் மிதித்ததும் முள் விழுந்தது. எஞ்சின் கேட்கிற அளவுக்குப் பெற்றோல் வரவில்லை. பம்ப் புதியது என்றால், பம்புக்குப் போகிற கரண்ட்தான் குறைய வேண்டும்.

அந்த வகைக் காரில் பம்ப் பின் சீற்றுக்கு அடியில் இருக்கும். பலகையைக் கழற்றினேன். கீழே கம்பளம் ஊறிக் கிடந்தது. பம்பின் வயர் முனைகளில் பச்சைக் களிம்பு. எர்த் வயரைத் தொட்டேன், விரலோடு உதிர்ந்து வந்தது.

"ஐஸுக்கு உப்புப் போடுறியளா?"

"போடாம? போடாட்டி மீன் பாசிக்குடா மட்டும் நிண்டு பிடிக்காதே பாஸ்" என்றான் யோகன்.

பற்றரியிலிருந்து பம்புக்கு நேரே ஒரு வயரை இழுத்துக் கட்டிவிட்டு மறுபடியும் பாலத்துக்குப் போனோம். மீன் பெட்டியும் ஏற்றித்தான். கார் ஒரு திக்கலும் இல்லாமல் ஏறியது. யோகன் சிரித்த சிரிப்பை என்னவென்று சொல்ல. கராஜுக்குத் திரும்பியதும் சுமதி போனைக் கையில் எடுத்தாள்.

"அப்ப ஏஜென்டுக்கு வேணாமெண்டு சொல்லிரட்டா பாஸ்?"

"கொஞ்சம் பொறு புள்ள. வயர ஒழுங்காப் பூட்டித் தாறன், மறுகா சொல்லு" என்றேன். எனக்கும் மனம் நிறைந்திருந்தது.

எர்த் வயரைக் காரின் நல்ல தகட்டில் பூட்ட வேண்டும். துருவைச் சுரண்டினேன். தகடு வரவில்லை. தள்ளிச் சுரண்டினேன். ஸ்குரூ டிரைவர் காரின் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே போயிற்று. ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் படுத்துப் பார்த்தேன். பின் அச்சு பூட்டியிருக்கும் இடம் அப்பளமாய் நொறுங்கியது. பக்கத்துக் கடை வெல்டிங்காரரைக் கூப்பிட்டேன். சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். "வெல்டிங் பிடிக்கிறதுக்குத் தகடு வேணுமே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்தக் கார் இனி ரோட்டில் ஓடக்கூடாது என்று நான் சொன்னதை யோகன் நம்பவில்லை. கெஞ்சத் தொடங்கினான்.

"கார் இப்ப நல்லா ஓடுதுதானே பாஸ். அடியில பாத்தத மறந்திருங்க. அந்த வயரோட தாங்க, நான் கொண்டு போறன்."

"நல்லா ஓடுறதுதான் எனக்குப் பயம். முந்தி இழுவையில்லாம ஊந்து போனாய். இனிப் பறப்பாய். பாலத்தில பின்சில்லு கழண்டா ரெண்டு பேரும் ஆத்துக்குள்ள. சின்னவளுக்கு ஆர் இருக்கா?"

சுமதி அழுவாள் என்று நினைத்தேன். அவள் போனைப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப நான் ஏஜென்டுக்கு ஒண்டும் சொல்லல்ல" என்றாள்.

நல்ல தளமுள்ள பழைய கார்க் கூடு ஒன்று கிடைக்குமா என்று ஏறாவூர் வரைக்கும் விசாரித்தேன். கிடைக்கவில்லை. இன்றைய விலைக்கு இன்னொரு கார் அவர்களுக்குக் கனவிலும் எட்டாது. காரை என்னிடமே விட்டுவிட்டார்கள். சுமதி குவைத்துக்குப் போய்விட்டாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். இழுவை குறைந்தால் எர்த்தைப் பாருங்கள். எர்த்தைப் பார்க்கும்போதே தளத்தையும் தட்டிப் பாருங்கள். தட்டிப் பார்க்குமுன் பாலத்தில் ஏற்றிக்காட்டி யாரையும் சிரிக்க வைக்காதீர்கள். பிழையைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது என்று நானும் ஒரு காலம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன். யோகனின் காரில் நான் கண்டுபிடித்தது எல்லாம் சரி, செய்ததும் சரி. அதனால் ஒரு வீடு நிமிரவில்லை. இதற்கு என்ன மருந்து என்று எனக்குத் தெரியாது.

சுமதி போன பிறகு ஒரு பின்னேரம் யோகன் சின்னவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். கராஜுக்குப் பின்னால் கார் நின்றது.

"ஒருக்கா ஸ்டாட் பண்ணிப் பாக்கட்டா பாஸ்?"

சாவியைக் கொடுத்தேன். பிள்ளை ஓடிப்போய்த் தாயின் சீற்றில் ஏறிக்கொண்டாள். தொட்டவுடனே எஞ்சின் பிடித்தது. யோகன் மிதித்தான். சத்தம் ஒரே சீராக ஏறியது. அவன் காலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான்.

பிள்ளை கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு அவன் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"கார் சரியாகிட்டுதே அப்பா. இனி அம்மாவ வரச் சொல்லுங்க."