கேபிளில் வந்த கணக்குப் பாடம்

1995 தீபாவளி முடிந்த வாரத்தில், பெரியநாயக்கன்பாளையத்தை ஒட்டியிருந்த எங்கள் பள்ளியை மூடினார்கள். ஏழாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் தொண்டை அடைப்பான் கண்டு அடுத்தடுத்து இறந்துபோயிருந்தார்கள். பிள்ளைகள் ஓரிடத்தில் கூடக் கூடாது, மறு உத்தரவு வரும்வரை பள்ளி கிடையாது என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் அப்போது பத்தாம் வகுப்பு. எங்களுக்குக் கணக்கு எடுத்தவர் சாந்தாமணி டீச்சர்.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் பம்ப் செட் கம்பெனியில் ஃபிட்டர். குழந்தை இல்லை. டீச்சர் அதிகம் பேச மாட்டார். ஒரு கணக்கை இரண்டு விதமாகப் போட்டுக் காட்டிவிட்டு, "புரியாதவங்க கை தூக்குங்க கண்ணு" என்பார். கை தூக்கியவர்களைத் திட்டியதே இல்லை.

மார்ச்சில் பொதுத்தேர்வு. வடிவியல் தொடங்கவே இல்லை. பள்ளி மூடிய மூன்றாம் நாளே டீச்சர் அப்துல் கையூமின் கடைக்குப் போனார். கையூம் பாய் வீடியோ கேசட் வாடகைக்கு விடுபவர். ஊரில் முதன்முதலில் கேபிள் இழுத்தவரும் அவர்தான். சாயங்காலம் அவர் படம் போடும் சேனலில் தினமும் ஒரு மணி நேரம் வேண்டுமென்று டீச்சர் கேட்டார்.

"கல்யாணத்துக்கு எடுக்கற கேமரா ஒண்ணு இருக்குதுங்க டீச்சர். அது போதுங்களா?"

"போர்டு தெரிஞ்சாப் போதுங்க பாய்."

கடையின் பின்னறையில் கரும்பலகையைச் சாய்த்து வைத்துப் படம் பிடித்தார்கள். விளக்கு வெளிச்சம் பலகையில் அடித்ததால் முதல் நாள் பாடம் பாதி தெரியவில்லை. மறுநாள் சரிசெய்துவிட்டார்கள். டீச்சர் கேமராவைப் பார்க்கவே மாட்டார். பழக்கதோஷத்தில் "கை தூக்குங்க" என்று சொல்லிவிட்டு, ஆளில்லாத அறையில் சற்று நேரம் காத்து நிற்பார்.

அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் டிவியும் கேபிளும் இருந்தன. கட்டிலில் சாய்ந்து முறுக்கு தின்றபடி நான் வட்டமும் தொடுகோடும் படித்தேன். ஊரெல்லாம் டீச்சரைப் பற்றித்தான் பேச்சு.

மில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் நடந்தது, சொந்த வீட்டில் பாடம் பார்த்த எங்களுக்குத் தெரியாது. அங்கிருந்த முப்பது வீடுகளில், ராசாத்தாள் வீட்டில் மட்டும்தான் கேபிள் இருந்தது. கணவரை இழந்தவர், மில்லில் ஷிப்டு வேலை. மூத்த மகள் மோகனப்பிரியா எங்கள் வகுப்பு. ஐந்தரை மணியானால் லைனில் இருந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினாறு பேரும், கூடவே வந்த தம்பி தங்கைகளும் அந்த ஒற்றை அறைக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொசுவுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். மோகனப்பிரியாவின் தங்கை லோகப்பிரியாவுக்கு ஆறு வயது. பாடம் புரியாவிட்டாலும் யாராவது ஒருவர் மடியில் ஏறி உட்கார்ந்து டிவி பார்ப்பாள்.

மூன்றாம் வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சளி என்று நினைத்துக் கஷாயம் கொடுத்தார்கள். நான்காம் நாள் கழுத்து வீங்கிவிட்டது. டவுன் பஸ்ஸில் காந்திபுரம் போய், அங்கிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் வாயைத் திறந்து பார்த்தபோது தொண்டையை அடைத்துச் சாம்பல் நிறத்தில் சவ்வு படர்ந்திருந்தது. மறுநாள் காலையில் குழந்தை இறந்துபோனது. அந்த அறையில் உட்கார்ந்த இன்னும் நான்கு பேருக்கு நோய் கண்டது; அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

அன்றைய பாடத்துக்கு டீச்சர் வந்தபோது கையூம் பாய் கேமராவை எடுக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார். டீச்சர் அங்கிருந்து நேராக லைன் வீட்டுக்கு நடந்தார்.

ராசாத்தாள் எழுந்து நின்று, "உக்காருங்க டீச்சர்" என்றார்.

டீச்சர் உட்காரவில்லை. "எம் பாடத்துக்குத்தான புள்ளைங்க இங்க வந்துச்சுங்க. எத்தன ஊட்டுல டிவி இருக்குதுன்னு நான் ஒருத்தர்கிட்டயும் கேக்கலைங்க."

"கதவத் தொறந்து உட்டவ நாந்தானுங்க. நம்மூட்டுல இத்தன புள்ளைங்க படிக்குதேன்னு பெருமையா இருந்துச்சுங்க." ராசாத்தாள் உள்ளே கை காட்டினார். "பெரியவ இனிப் படிக்க மாட்டேன்னு சொல்லிப்போட்டாளுங்க. நீங்களாவது சொல்லிப் பாருங்க."

மோகனப்பிரியா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். டீச்சர் அவளருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இதையெல்லாம் பல வருடம் கழித்து அவர்தான் என்னிடம் சொன்னார்.

பாடம் அன்றோடு நின்றது. டிசம்பர் நடுவில் தடுப்பூசி போட்டுப் பள்ளியைத் திறந்தார்கள். முதல் நாள் டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி, வீட்டில் டிவி உண்டா என்று கேட்டார். நாற்பத்து மூன்று பேரில் பதினொரு பேருக்கு இருந்தது. வடிவியலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி நடத்தினார். மோகனப்பிரியா மட்டும் வரவில்லை. ஞாயிறுதோறும் டீச்சர் லைன் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் தேர்வும் எழுதவில்லை.

ஆண்டு விழாவில், டிவியில் பாடம் நடத்தியதற்காக டீச்சருக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். டீச்சர் அன்று லீவு போட்டுவிட்டார்.

ரிசல்ட் வந்ததும் லட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கணக்கில் தொண்ணூற்று நான்கு வாங்கியிருந்தேன்.

"டிவி பாத்தது நல்லாப் புரிஞ்சுதா கண்ணு?"

"நல்லாப் புரிஞ்சுதுங்க டீச்சர்."

தலையாட்டினார். லட்டு கையிலேயே இருந்தது. "மோகனப்பிரியா மில்லுல சேந்துட்டா. அவங்கம்மா ஷிப்டுலயேதான்" என்றார்.