கைராசிக்காரன் எடுத்த விலைக்கணக்கு

தூத்துக்குடியில் காலை வேளையில் ஒரு பொருளின் விலையைக் கேட்பது, ஒரு வீட்டில் போய்ப் பெண் கேட்பது போன்ற காரியம். கேட்டுவிட்டு, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்று நடையைக் கட்ட முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. சுன்னாகம் சந்தையில் பத்துப் பேரிடம் விலை கேட்டு, பத்துப் பேர் சரக்கையும் குறை சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்புவது நமக்கெல்லாம் ஒரு பொழுதுபோக்கு. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு இங்கே கிடைத்த உத்தியோகமே விலை கேட்பதுதான். வாங்குவது அல்ல, கேட்பது மட்டும்.

சென்னையில் பொருளாதாரம் படித்து முடித்திருந்தேன். இரண்டாம் உலகப் போரும் அப்போதுதான் முடிந்திருந்தது. விலைவாசியை ஆராயும் ஓர் அலுவலகம் என்னைப் பிடித்து இந்தத் துறைமுகத்துக்கு அனுப்பியது. அரிசியும் மண்ணெண்ணெயும் ரேஷனில் கிடைத்தன. புளி, மிளகாய், கருப்பட்டி, கருவாடு, விறகு ஆகியவற்றை வெளிக்கடையில்தான் வாங்க வேண்டும். ஒரு சாதாரணக் குடும்பம் வாங்கும் இவற்றின் விலையை மாதாமாதம் நான் எழுதி அனுப்ப, அதிலிருந்து விலைப்புள்ளி என்று ஒன்றைச் சென்னையில் கணக்கிடுவார்கள். அந்தப் புள்ளி ஏறினால் மில் தொழிலாளியின் பஞ்சப்படி ஏறும், இறங்கினால் இறங்கும். கடை திறந்தவுடனே விலை எடுக்க வேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை. அதை எழுதியவர் தாமே கடைக்குப் போய் ஒரு கத்தரிக்காய்கூட வாங்கியிருக்க மாட்டார் என்பது என் துணிபு.

முதல் நாள் லிங்கம் அண்ணாச்சியின் பலசரக்குக் கடைக்குப் போனேன். பனங்காட்டு ஊரிலிருந்து வந்து கடைத்தெருவில் நிலைத்துவிட்ட மனிதர். சாம்பிராணி போட்டு, தராசைத் தொட்டுக் கும்பிட்டு அவர் உட்கார்ந்த கையோடு எதிரே போய் நின்றேன். ஒவ்வொன்றாக விலை கேட்டேன். மலர்ந்த முகத்தோடு சொன்னார். எழுதிக்கொண்டு, நன்றி சொல்லித் திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால் சளக்கென்று தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. அடுத்த கடையிலும் நான் இறங்கியதும் தண்ணீர் தெளித்தார்கள். அதற்கடுத்த கடையிலும் அப்படியே. என்ன சுத்தமான ஊர் என்று அன்று வீட்டுக்குக் கடிதம் எழுதினேன்.

அடுத்த மாதம் நான் தெருமுனையில் தலைகாட்டியதுமே கடைக்காரர்கள் உள்ளே எதையோ தேடப் போய்விட்டார்கள். கருவாட்டுக்காரி ரெஜினம்மா கூடையைச் சாக்கால் மூடி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் குடியிருந்த வீட்டுக்காரர் சவேரி, பஞ்சாலையில் வேலை பார்ப்பவர். அவர்தான் விஷயத்தை உடைத்துச் சொன்னார். முதல் வியாபாரம், அதாவது போணி, ஆவதற்கு முன்னால் ஒருவன் விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போனால் அன்றைய வியாபாரம் படுத்துவிடுமாம். அந்தத் தோஷத்தைக் கழிக்கத்தான் தண்ணீராம்.

"எதையாவது வாங்கித் தொலைங்க சார்வாள். இல்லன்னா அடிதான் விழும்," என்றார்.

மறுநாள் லிங்கம் அண்ணாச்சியிடம் கொஞ்சம் புளி வாங்கினேன். காசைக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் போட்டார். அன்றைக்கென்று பார்த்து, கொழும்புக்குப் புறப்பட்ட தோணிக்காரர்கள் வந்து அவர் கடையை வழித்துக்கொண்டு போனார்கள். நான் முதல் போணி செய்த ரெஜினம்மாவின் கூடையும் உச்சிப்பொழுதுக்குள் காலி. என் கையில் இருந்தது மைக்கறைதான். ஊர் அதில் ராசியைக் கண்டுபிடித்துவிட்டது.

அதன்பின் என் பாடு ராஜபாடு. போகும் இடமெல்லாம் முதல் போணிக்கு அழைப்பு. வாங்காமல் போய்விடுவேனோ என்று பயந்து, நான் பேரம் பேசுவதற்கு முன்பே அவர்களே விலையைக் குறைத்தார்கள். சொன்ன விலை வேறு, கொடுத்த விலை வேறு, கொடுத்ததே உண்மையான விலை என்று கல்லூரியில் படித்ததை மறக்காமல், கொடுத்ததை எழுதி அனுப்பினேன். நாடெங்கும் விலை ஏறும்போது தூத்துக்குடியில் மட்டும் இறங்குவது குறிப்பிடத்தக்கது என்று சென்னையிலிருந்து பாராட்டு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் சவேரி மில்லிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்றார். ஊரில் விலை இறங்கிவிட்டதால் பஞ்சப்படியைக் குறைக்கப்போவதாக மில் வாசலில் ஒட்டியிருக்கிறார்களாம். அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கையிலிருந்த பையை நீட்டினார்.

"நீங்க எழுதுத வெலைக்கு எங்க வீட்டுக்கும் வாங்கித் தந்துருங்க சார்வாள். படி போனாப் போவுது."

எனக்குச் சுருக்கென்றது. அவர் மனைவி அன்று வாங்கிய புளிக்கு என் புளியைவிட ஒன்றரை மடங்கு விலை. நான் எடுத்தது தூத்துக்குடியின் விலை அல்ல, என் கையின் விலை. இதே கணக்கு இன்னொரு மாதம் போனால் குறைத்த படி குறைத்ததாகவே நின்றுவிடும்.

அண்ணாச்சியிடம் ஓடினேன். ஊருக்குச் சொல்லும் விலையையே எனக்கும் சொல்லுங்கோ என்று கெஞ்சினேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "உங்கள வெளியாளு மாதிரியா வச்சிருக்கோம்? அந்த வெலைய உங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்?" என்று கருப்பட்டி வேறு ஒன்றை இனாமாகத் திணித்தார். மாலையில் போய்ப் பார்த்தேன், அப்போதும் அதே சலுகை. சவேரியின் மனைவி கொடுத்த விலையை எழுதி அனுப்பினேன். விசாரணையாளர், அதாவது நான், நேரில் எடுக்காத விலை செல்லாது என்று திரும்பி வந்தது. என் ராசியை நானே கெடுத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

அடுத்த மாதம் கடை திறக்கும் நேரம் பார்த்துப் புறப்பட்டேன். சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள் அண்ணாச்சி கடையில் எல்லாவற்றுக்கும் விலை கேட்டு, எதையும் வாங்காமல் இறங்கினேன். பக்கத்துக் கடையிலும் அப்படியே செய்தேன். தெரு முழுக்க ஒன்றுவிடாமல். சளக் சளக்கென்று தண்ணீர் என் பின்னாலேயே வந்தது. ரெஜினம்மா தண்ணீர் தெளிக்கவில்லை. என்னை ஏறிட்டுப் பார்த்து, "நீங்க எங்க ஊருக்காரருன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்," என்றாள். அந்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

அதற்குப் பிறகு எல்லோரும் ஊர் விலையையே சொன்னார்கள், முகத்தைப் பார்க்காமல். எழுதி அனுப்பினேன். விலைப்புள்ளி ஏறியது, படியும் குறைத்த இடத்திலிருந்து திரும்பி வந்தது. சவேரி வீட்டில் சீலாமீன் குழம்பு வைத்து எனக்கும் ஒரு சட்டி கொடுத்தனுப்பினார்கள். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதைச் சவேரி கடைத்தெருவுக்குப் போய் அண்ணாச்சியிடம் விளக்கினாராம். அண்ணாச்சி புளியை நிறுத்துக்கொண்டே இருந்தாராம்.

அந்த ஆனியில் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். சுன்னாகம் சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் குவித்து ஒரு கிழவர் அப்போதுதான் சாக்கை விரித்திருந்தார். பழைய மிதப்பில், "என்ன வெல அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன். அவர் என் வேட்டிக்கட்டைப் பார்த்தார். "தம்பி இந்தியாப் பக்கமோ?" என்று கேட்டு, வாயில் வைக்க முடியாத ஒரு விலை சொன்னார். திட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போவதுதான் நம் வழக்கம். கால் நகரவில்லை. காலை நேரம், அவர் மடியில் இன்னும் ஒரு காசு விழவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றுவார் என்று காத்து நின்றேன். மடியில் செருகிக்கொண்டு, வேறென்ன வேண்டும் என்பதுபோல் பார்த்தார். அந்தப் பழங்களின் விலையைக் கேட்டுவிட்டு வீட்டில் என் அக்கா சிரித்த சிரிப்பை இங்கே எழுத மாட்டேன்.

இப்போது விலை எடுக்கும் நாட்களில், அண்ணாச்சி கடைக்கு எதிர்ச்சாரியில் ஒதுங்கி நிற்கிறேன். யாராவது வந்து போணி செய்த பிறகுதான் தெருவைக் கடப்பது. போன மாதம் மழைத் தூறல், ஒருவரும் வரவில்லை. குடையில்லாமல் நனைந்துகொண்டு நின்றேன். அண்ணாச்சி சாம்பிராணி போட்டார், தராசைத் தொட்டுக் கும்பிட்டார், உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். பிறகு அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"போணி ஆயிட்டு சார்வாள். வாங்க."

கடை திறந்ததிலிருந்து நான் அங்கேதான் நிற்கிறேன். ஓர் ஈ காக்கை அந்தப் படியேறவில்லை. தெருவைக் கடந்து போய்ப் புளி என்ன விலை என்று கேட்டேன். ஊருக்குச் சொல்லும் விலையைச் சொன்னார்.