எனக்கு வரையத் தெரிந்த ஒரே முகம்

1. அவசரக் கூட்டம்

எண்பதுகளில் மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் 'அந்தோணி ஆர்ட்ஸ்' என்று ஒரு கடை இருந்தது. போர்டு பெரியது, கடை சின்னது. அந்த அந்தோணி நான்தான். சுவர் விளம்பரம், பேனர், லாரி நம்பர் எதுவானாலும் எழுதுவேன். சுண்ணாம்பில் நீலம் எவ்வளவு, வஜ்ரப் பசை எவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு கலப்பேன். சில நாள் கலவையைப் பார்த்தவர்கள், உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டுதான் கலந்தாயா என்று கேட்டதும் உண்டு.

நான் கட்சிக்காரனும்கூட. உழைக்கிறவர்களுக்கான கட்சி, அப்போது எதிர்க்கட்சி. ஆளுங்கட்சியை எதிர்த்த நேரம் போக மிச்ச நேரத்தில் தன்னைத்தானே எதிர்த்துக்கொண்டது. எங்கள் ஊரில் அதற்கு இரண்டு கோஷ்டி, இரண்டு ரப்பர் ஸ்டாம்பு. ஒரு கோஷ்டிக்குத் தோழர் முனியப்பன் தலைவர். விவசாயிகள் சங்கத்தில் முடி நரைத்தவர், ஜெயிலுக்குப் போனவர், மைக் கிடைத்தால் மூன்று மணி நேரம் பேசுவார். இன்னொன்றுக்குத் தோழர் மணிவாசகம், வக்கீல், வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி. கட்சி எதற்காக உடைந்தது என்று கேட்டால் இருவரும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதிலும் ஒற்றுமை கிடையாது.

பேரூராட்சித் தலைவர் தேர்தல் வந்தது. போன முறை இருவரும் தனித்தனியாக நின்று, இருவரும் டெபாசிட் இழந்தார்கள். நடுவில் புகுந்து ஜெயித்த ரைஸ் மில்காரர் எங்கள் மேட்டுத் தெருவுக்குக் குழாய் போடுவதாகச் சொல்லிவிட்டு, தெரு எங்கே இருக்கிறது என்பதையே மறந்துவிட்டார். என் வீடு மேட்டுத் தெருவில். என் மனைவி லூர்து இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடமாகக் கீழே இறங்கி ஏறுவாள்.

"உங்க கட்சியில ஒருத்தரு நின்னா எனக்குத் தண்ணி வரும். ரெண்டு பேரு நின்னா உங்களுக்குப் பெயின்ட் வேல வரும். நீங்க எதுக்கு வேண்டிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினீங்களா?" என்றாள் ஒருநாள்.

அதற்கு முந்தைய வாரம்தான் இரண்டு கோஷ்டிக்குமாக இருபது சுவர்களில் 'ரிசர்வ்' என்று எழுதி வைத்திருந்தேன்.

மனுத் தாக்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது மாவட்டக் கமிட்டியிலிருந்து ஒரு தோழர் வந்தார். எப்போதும் ஒரு பிளாஸ்க்கோடு வருவதால் அவரைப் பிளாஸ்க் தோழர் என்போம். ஒரு கோஷ்டி ஆபீசுக்கு இன்னொரு கோஷ்டி வராது என்பதால் கூட்டம் என் கடையில் நடந்தது.

"ஜெயிலுக்குப் போனவன் நானு. தலைமைக்கு வேற என்னய்யா தகுதி வேணும்?" என்று ஆரம்பித்தார் முனியப்பன்.

"ஜெயிலுக்குப் போறதுக்கு ஓட்டு வேணாமுங்க தோழர். பேரூராட்சிக்குப் போறதுக்குத்தான் வேணும்," என்றார் மணிவாசகம்.

"உன்னய எவனுக்குத் தெரியும்? கோர்ட்டுல வாய்தா வாங்குனவனுக்குத் தெரியும். அவனும் உனக்குப் போட மாட்டான்."

"உங்கள எல்லாருக்கும் தெரியுமுங்க. நீங்க மைக்கப் புடிச்சா மாடுகூட அவுத்துக்கிட்டு வூட்டுக்குப் போயிருது."

"தோழர்களே!" என்றார் பிளாஸ்க் தோழர். "யாரு நல்ல தலைவருன்னு நாம பேசலாம். யாரு ஜெயிப்பாங்கன்னு மக்கள்தான் சொல்லணும். நாளைக்குச் சந்தை. சந்தைச் சுவத்துல ரெண்டு பேரு முகத்தையும் வரைவோம். பேரு வேணாம். எந்த முகத்துக்கு ஓட்டுப் போடுவீங்கன்னு கேப்போம்."

"பேரு ஏனுங்க வேணாம்?" என்று கேட்டேன்.

"பேரு எழுதுனா தனிநபர் வழிபாடு ஆயிரும்."

"முகம் வரைஞ்சா ஆகாதுங்களா?"

"முகம் மக்களோடது தோழர்," என்றார். எனக்குப் புரியவில்லை. ஆனால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினேன். கட்சியில் அது எனக்கு நல்ல பழக்கமாகியிருந்தது.

2. ஒரு வாக்குமூலம்

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எழுத்தில் என்னை அடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. முகம் என்று என்னால் வரைய முடிந்தது ஒன்றே ஒன்றுதான்.

கட்டம் போட்டு அவுட்லைன் வரைவேன். மூக்குக்கு வந்ததும் கை நின்றுவிடும். தலையைத் தூக்குவேன். எதிரே சைக்கிள் கடையில் மாதையன் உட்கார்ந்திருப்பார். உருண்டைக் கன்னம், அகல மூக்கு, கழுத்து தெரியாத தாடை, எதற்கும் கோபப்படாத கண்கள். அந்த மூக்கைப் பார்த்து வரைவேன். மூக்கு வந்தால் கன்னம் அதோடு வந்துவிடும். இப்படிப் பன்னிரண்டு வருஷம்.

உரக் கடைச் சுவரில் சிரிக்கும் விவசாயி மாதையன், தலைப்பாகையோடு. குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்தின் மகிழ்ச்சியான அப்பா மாதையன். திருவிழாத் திரைச்சீலையில் தர்மராஜா, கிரீடம் வைத்த மாதையன். எங்கள் ஊர்க் கோவிலில் சூசையப்பரை வரைந்தபோது ஃபாதர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அந்தோணி, இவர எங்கியோ பாத்த மாதிரி இருக்குதே," என்றார். "புனிதர்னா அப்படித்தானுங்க ஃபாதர் தோணும்," என்று சமாளித்தேன். அவர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியதும் மாதையன்தான்.

தாடியும் கிரீடமும் தலைப்பாகையும் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாதையனுக்கே வரவில்லை. "தர்மராஜா நல்லா வந்திருக்காருங்க தோழர், மொகத்துல நல்ல கள," என்று பாராட்டினார்.

3. சந்தை

விடிந்ததும் சந்தைக்குப் போய்விட்டேன். எதிரே மாதையன் இல்லாவிட்டாலும் பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் கை தானாக ஓடியது. ஒரு சுவரில் கண்ணாடி மாட்டினேன், அது மணிவாசகம். எதிர்ச் சுவரில் நரைத்த தாடி வைத்தேன், அது முனியப்பன். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது. என் திருப்தியை நம்பக் கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பிளாஸ்க் தோழர் நோட்டும் பேனாவுமாக நடுவில் நின்றார். தலைவர்கள் இருவரும் தங்கள் முகம் தெரியாதபடி துண்டால் முக்காடு போட்டுக்கொண்டு, அவரவர் சுவருக்குப் பக்கத்தில் தக்காளி விலை கேட்பதுபோல நின்றார்கள்.

தக்காளி விற்கும் அம்மாவிடம் தாடி முகத்தைக் காட்டி முதல் கேள்வி. "இவரு நின்னா ஓட்டுப் போடுவீங்களாம்மா?"

"இவருக்குப் போடாம வேற யாருக்குங்க போடறது? எங்கூரு திருவிழாவுல இவருக்குத்தான தேங்கா ஒடைக்கிறோம்!"

முனியப்பன் துண்டுக்குள் சிரித்தது வெளியே கேட்டது.

கண்ணாடி முகத்தைப் பார்த்த ஒரு விவசாயி, "உரக்கடச் சுவத்துல சிரிப்பாரே, அவரா? நல்ல மனுசன். பொய் சொல்ல மாட்டாரு. போடுவனுங்க," என்றார். மணிவாசகம் நிமிர்ந்து நின்றார்.

எல்லைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த கன்னடக்காரப் பெரியம்மா இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நோடப்பா, எஷ்டு ஒள்ளே முகா!" என்று கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். எவ்வளவு நல்ல முகம் என்று அர்த்தம்.

நோட்டில் இரண்டு பக்கமும் சமமாகக் கோடுகள் ஏறின. மறுத்தவர் ஒருவர்கூட இல்லை. பிளாஸ்க் தோழர் கண் கலங்கினார். "முப்பது வருசமா கட்சியில இருக்கேன். இப்படி ஒரு ஆதரவ நான் பாத்ததில்ல."

அப்போது கத்தரிக்காய் மூட்டையோடு ஒருவர் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சுவரைப் பார்த்தார். எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"ஏனுங்க, நம்ம சைக்கிள் கட மாதையன எதுக்கு ரெண்டு எடத்துல வரைஞ்சி வச்சிருக்கீங்க? ஒண்ணுல கண்ணாடி போட்டுக்கினு, ஒண்ணுல தாடி வச்சிக்கினு. பாவம், மாறுவேசப் போட்டியா?"

இரண்டு துண்டுகளும் கீழே இறங்கின. தலைவர்கள் சுவரைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். கட்சி உடைந்த பிறகு இருவருக்கும் ஒரே ஆள்மேல் கோபம் வந்தது அன்றைக்குத்தான்.

"இவனக் கட்சிய விட்டு நீக்கணும்," என்றார் முனியப்பன்.

"ஒடனே நீக்கணும்," என்றார் மணிவாசகம்.

"இருங்க, இருங்க," என்றார் பிளாஸ்க் தோழர், நோட்டைப் பார்த்தபடி. "இந்த மாதையன் நம்ம கட்சியா?"

நேராக சைக்கிள் கடைக்குப் போனோம். மாதையன் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோழர், நீங்க மெம்பருங்களா?" என்று கேட்டார் பிளாஸ்க் தோழர்.

"ஆமாங்க."

"எந்தக் கோஷ்டி?"

"ரெண்டுலயுமுங்க. ரெண்டு பேரும் காத்தடிக்க வர்றாங்க. ஒருத்தருகிட்ட சந்தா ரசீது வாங்கிட்டு இன்னொருத்தருகிட்ட வேணாம்னு சொன்னா மனசு சங்கடப்படுவாங்களே."

"அவரு இவரத் திட்டுறப்ப என்ன சொல்லுவீங்க?"

"ஆமாங்க தோழர்னு சொல்லுவேன்."

"இவரு அவரத் திட்டுறப்ப?"

"அதே தானுங்க."

முனியப்பனுக்குப் பொறுக்கவில்லை. "இவன் இதுவரைக்கும் மேடையில ஒரு வார்த்த பேசுனதில்லயே! இவன் எப்படித் தலைவராவான்?"

"அதனாலதானுங்க ஓட்டு விழும்," என்றார் மணிவாசகம். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் நின்னா உங்க ஆளுங்க எனக்குப் போட மாட்டாங்க. நீங்க நின்னா எங்க ஆளுங்க உங்களுக்குப் போட மாட்டாங்க. இவருக்குப் போடக் கூடாதுன்னு யாருக்காச்சும் காரணம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

முனியப்பன் மேட்டுத் தெருப் பக்கம் பார்த்தார். அங்கே லூர்து குடத்தோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள். "சனியன், நிக்கட்டும்," என்றார்.

"கடைய யாருங்க பாத்துக்குவா?" என்றார் மாதையன். அவருடைய ஒரே கொள்கை விளக்கம் அதுதான். அவருடைய மச்சான் முருகேசனைக் கடையில் உட்கார வைப்பதென்று முடிவாயிற்று. மறுநாளே மனு போட்டோம்.

வீட்டில் சொன்னேன். லூர்து குடத்தை இறக்கி வைத்தாள். "உங்களுக்கு வரையத் தெரியாததுல ஊருக்கு ஒரு நல்லது நடந்திருக்குது," என்றாள். என் கலையைப் பற்றி வீட்டில் கிடைத்த ஒரே பாராட்டு.

4. பதினோரு சுவர்

நீக்கம் ஒத்திவைக்கப்பட்டது. பதினோரு சுவர்களில் மாதையன் முகத்தை வரையும் பொறுப்பும் எனக்கே வந்தது. உலகத்திலேயே சுலபமான வேலை என்று நினைத்தேன். முதல் முறையாக இந்த முகத்தைச் சரியாக வரைய வேண்டும் என்று அக்கறையும் வந்துவிட்டது. அதனால் மனசிலிருந்து வரையாமல், கடையில் உட்கார்ந்து எதிரே நன்றாகப் பார்த்துப் பார்த்து ஒரு மாதிரிப் படம் வரைந்தேன். அதை வைத்துப் பதினோரு சுவரையும் முடித்தேன்.

மாதையன் அப்போது வீடு வீடாக ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்தது மச்சான் முருகேசன். ஒடுங்கிய கன்னம், கூரிய மூக்கு, எட்டிப் பார்க்கும் இரண்டு பல். நான் மூக்கையும் பல்லையும் பார்த்தேனே தவிர, ஆள் யார் என்று பார்க்கவில்லை.

கும்பிட்டுக்கொண்டு போன மாதையனிடம் ஒரு பாட்டி சொன்னாராம்: "நீ கவலப்படாத போ கண்ணு. எங்க ஓட்டு அந்தப் பல்லுக்காரருக்குத்தான்."

நல்லவேளையாக, இந்த முறை கீழே பெயர் எழுத அனுமதி வாங்கியிருந்தோம். வேட்பாளர் அமைதியானவராக இருந்தால் தனிநபர் வழிபாடு ஆகாது என்று பிளாஸ்க் தோழர் விளக்கம் கொடுத்திருந்தார். மாதையன் ஜெயித்தார். அதிகமில்லை, ஆனால் ஜெயித்தார். மேட்டுத் தெருவுக்குக் குழாய் வந்தது. திறப்பு விழாவில் தெருவே திரண்டு வந்து முருகேசனுக்கு மாலை போட்டது. மாதையன் பக்கத்தில் நின்று கைதட்டினார். முதல் குடம் பிடித்த லூர்து மட்டும் சரியான ஆளைப் பார்த்து, "நல்லா இருங்கண்ணா," என்றாள்.

மறுவாரம் இரண்டு கோஷ்டியும் சேர்ந்து கூட்டம் போட்டன. 'தோழர் அந்தோணி இனி கட்சிக்காக எழுத்து மட்டும் எழுதலாம், எந்த முகமும் வரையக் கூடாது' என்று தீர்மானம். முனியப்பன் முன்மொழிந்தார், மணிவாசகம் வழிமொழிந்தார். எதிர்த்து ஒரு கையும் உயரவில்லை, என் கை உட்பட. கட்சி உடைந்த நாளிலிருந்து ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் என்பதால், அதை ஆபீஸ் சுவரில் பெரிதாக எழுதி வைக்கவும் முடிவானது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முகம் வரையுமுன் எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று ஒரு தடவை பெயர் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீர்மானத்தைச் சுவரில் எழுதியது நான்தான். சிவப்பு எழுத்து, கறுப்பு ஷேடு. எழுத்து பிரமாதம் என்று இரண்டு கோஷ்டியும் ஒத்துக்கொண்டன.