இப்திஹால் பார்த்த திரை

இராக்கில், பஸ்ரா நகரின் அஷார் கடைத்தெருவில், ஒரு தையற்கடையின் பின்னறையில் இப்திஹால் பெண்களுக்கு மட்டும் போன் பழுது பார்க்கிறாள். ரிப்பேருக்குக் கொடுத்த போனிலிருந்து அவளுடைய கல்யாணப் படங்கள் ஒருமுறை ஊரெல்லாம் சுற்றின. அதற்குப் பிறகு கற்றுக்கொண்ட தொழில் இது. அவளிடம் ஒரே கண்டிப்பு. போனுக்குரியவள் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். புதுத் திரை ஒளிர்ந்ததும் அதை அவள் பக்கம் திருப்பிவிட்டு இப்திஹால் சுவரைப் பார்ப்பாள். ஆறு வருஷமாக அப்படித்தான். எந்தப் போனின் குடலையும் உருவிப் போடுவாள். ஒளிரும் முகத்தை மட்டும் பார்த்ததில்லை.

அன்று மதியம் உம்மு சஜ்ஜாத் நொறுங்கிய போன் ஒன்றை நீட்டினாள். உறையில் ஒட்டியிருந்த மஞ்சள் பூவை வைத்தே அது அவள் மகள் ரவ்னக்கின் போன் என்று இப்திஹாலுக்குத் தெரிந்துவிட்டது.

"பொண்ணு எங்கக்கா? அவ வராம நான் தொடமாட்டேன்னு தெரியுமே."

"அவ அண்ணன் சஜ்ஜாத் ரூம்ல போட்டுப் பூட்டியிருக்கான்." அந்த அம்மாளின் குரல் இறங்கியது. "மிரட்டி, போனைத் திறக்கிற நம்பரை வாங்கிட்டான். அவ போனைக் குடுக்காம சுவத்துல அடிச்சுட்டா. திரை செத்துப்போச்சு, அவனால திறக்க முடியல."

"அப்ப செத்தே கெடக்கட்டும்!"

"ஆம்பளைங்க கடைக்குத்தான் கிளம்பினான். தங்கச்சி படத்தைக் கண்டவன்லாம் பாக்கணுமாடா, வெக்கங்கெட்டவனேன்னு நான்தான் கத்தி இங்க கூட்டியாந்தேன். உள்ள அவன் வரமுடியாதுல்ல."

தெருவில் கார் ஹாரன் அலறியது.

"என்ன இருக்கு இதுல?"

"கூடப் படிக்கிற பையனோட ஆத்தங்கரையில எடுத்த படம். தலையில துணி இல்ல. சஜ்ஜாத் கண்ணுல பட்டா நர்சு படிப்பு போச்சு, வழக்கப்படி பெரியப்பன் மகனுக்குக் கட்டி வச்சுடுவான். பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. அழிச்சுக் குடு கண்ணு."

"நீங்களே அழிங்கக்கா. நான் பாக்கக் கூடாது."

"பச்சையைத் தொட்டா பேசலாம். அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்?"

இப்திஹால் சூடு காட்டிப் பசையை இளக்கினாள். உடைந்த கண்ணாடி சில்லுசில்லாகத்தான் வந்தது. விரலில் ஒன்று ஏறியதைக்கூடக் கவனிக்கவில்லை. புதுத் திரையைப் பொருத்தினாள். அது ஒளிர்ந்ததும் பழக்கத்தில் முகம் சுவருக்குத் திரும்பியது. உம்மு சஜ்ஜாத் அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"பாருடி. நான் சொல்றேன்ல, பாரு."

அந்த அம்மாள் சொன்ன நம்பரை அழுத்தி, இப்திஹால் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். உடற்கூற்றுப் பாடக் குறிப்பு, பூனை, பேரீச்சங்குலை. பிறகு ஆற்றங்கரை. காற்றில் பறக்கும் கூந்தலோடு ரவ்னக் வாய்விட்டுச் சிரிக்கிறாள். பக்கத்தில் மீசை அரும்பிய பையன். நான்கு படங்கள். நான்கையும் அழித்தாள். மறுபடி ஹாரன்.

"வர்றேன்டா, செவுடி இல்ல நான்!" என்று கத்திக்கொண்டே உம்மு சஜ்ஜாத் போனைக் கறுப்பு அபாயா அங்கிக்குள் சொருகிக்கொண்டு ஓடினாள்.

இப்திஹால் விரலில் ஏறிய கண்ணாடியைப் பிடுங்கி மேசைக்கடியில் இருந்த குப்பைக் கூடையில் போட்டாள். போட்ட கை அப்படியே நின்றது. அழித்த படம் போனிலும் கூடைக்குத்தான் போகும். ஒரு மாசம் அங்கேயே கிடக்கும். அடுத்தவர் படத்தைத் தொட்டே பழகாத கை, அதைக் காலி செய்யவில்லை.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு, தையல் இயந்திரங்களைத் தாண்டித் தெருவுக்கு ஓடினாள்.

"உம்மு சஜ்ஜாத்! அக்கா!"

கார் பாலத்துப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் சஜ்ஜாத் ஒரு கையால் ஓட்டினான். இன்னொரு கையில் போன் இருந்தது.